வெள்ளை நூலில் ஏறாத சிவப்பு

ஆனி மாதத்து ஒரு காலையில், சாயக்கூடத்தின் பின்சுவர் ஓரமாக ஒதுங்கிய மல்லப்பன் தற்செயலாகக் கீழே பார்த்தார். சுண்ணாம்பு அடித்த வாய்க்காலில் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. மாதுளஞ்சாற்றில் தண்ணீர் ஊற்றினாற்போல நல்ல தெளிவான சிவப்பு. வலி இல்லை, எரிச்சல் இல்லை. "நேத்துத் திறந்த சாய டப்பா கொஞ்சம் கடுமைதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேட்டியைச் சரிசெய்தபடி கொப்பரைக்குத் திரும்பிவிட்டார்.

அவர் அப்படி நினைத்ததில் தப்புச் சொல்ல முடியாது. அந்தக் கூடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கெம்பையன் சாவுகாரின் பட்டுச் சாயக்கூடம் மைசூரில் மண்டி மொகல்லா என்ற பேட்டையின் கோடியில் இருந்தது. தறிக்குப் போகும் பட்டு நூல் அங்கே வந்து நிறம் ஏறிப் போகும். மல்லப்பன் அங்கே மேஸ்திரி. ராமாபுரத்தில் பட்டுப்புழு வளர்த்த குடும்பம். ஒரு வருஷம் தட்டுத் தட்டாகப் புழு நோய் கண்டு சாக, பதினாறு வயசில் கொள்ளேகாலம் வழியாக வண்டி ஏறி இங்கே வந்தவர். முதலில் விறகு தள்ளினார், பிறகு தண்ணீர் சுமந்தார், அப்புறம்தான் நூலைப் புரட்டுகிற கோல் கைக்கு வந்தது. அதற்கும் முப்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது யாராவது பழைய புடவையிலிருந்து ஒற்றை இழையை உருவிக் கொண்டுவந்து நீட்டினால் போதும். வடக்கு ஜன்னல் பக்கம் போய் ஒரு தடவை பார்ப்பார். எந்த டப்பாவில் எத்தனை சிட்டிகை, எவ்வளவு நேரம் கொதி என்று சொல்லிவிடுவார். சிவப்பில் மட்டும் இருபத்திரண்டு வகைக்கு அவரிடம் பேர் உண்டு. குங்குமம், அரக்கு, மிளகாய்ப்பழம், இலந்தைப்பழம் என்று போய், கடைசியில் கோபக்கண் என்று ஒன்று. அது அவரே வைத்த பேர்.

சாயம் ஜெர்மனியிலிருந்து தகர டப்பாவில் வரும். மூடியை நெம்பியதும் பொடி புகைபோல எழும்பி மூக்கிலும் வாயிலும் போகும். கையில் உறை கிடையாது. கொப்பரையில் சாயம் பிடிப்பதற்கு விடும் புளிப்புக் காடி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதுதான் பழக்கம். வியர்வை பட்ட துண்டு சிவக்கும், துப்பினால் எச்சில் சிவக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முதல் வாரத்தில் ஒரு நாள் பின்சுவரிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவருவான். கூடமே சிரிக்கும். "சாயம் இறங்குது, அவ்வளவுதான். இப்பத்தான் நீ சாயக்காரன்" என்று அவன் வாயில் ஒரு துண்டு வெல்லத்தைப் போடுவார்கள். அந்த வெல்லத்தை மல்லப்பனும் தின்றிருக்கிறார். பிறகு எத்தனையோ பேர் வாயில் தன் கையால் போட்டும் இருக்கிறார்.

ஆனி மாதத்துச் சிவப்பு இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் இல்லை. அவரும் மறந்துபோனார்.

ஆடிப் பாதியில் மறுபடி வந்தது. இந்தத் தடவை அவ்வளவு தெளிவாக இல்லை. டிகாஷன்போலக் கறுத்து, நடுவில் நூல் துணுக்கு மாதிரி என்னவோ ஒன்று வழுக்கிக்கொண்டு போயிற்று. மல்லப்பன் குனிந்து பார்த்தார். பார்ப்பதற்குள் அது வாய்க்காலோடு போய்விட்டது. அன்றைக்கு முழுக்க அந்தத் துணுக்குதான் கண்ணில் நின்றது. கொப்பரைக்குப் போவார், கோலைப் பிடிப்பார், நாலு புரட்டுப் புரட்டுவார், கோலை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போவார். மத்தியானத்துக்குள் ஏழெட்டு நடை ஆகிவிட்டது. உண்மையிலேயே முட்டுகிறதா, இல்லை, பார்ப்பதற்காகத்தான் போகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் சிவப்புக் கொப்பரையை ஜடையனிடம் ஒப்படைத்துவிட்டு நீலத்துக்கு மாறிக்கொண்டார். ஜடையன் மல்லப்பனின் ஊர்ப் பக்கத்து மார்டள்ளிக்காரன், முப்பத்தைந்து வயசு. கை வேலை செய்துகொண்டே இருந்தாலும் வாய் அதைவிட ஒரு பங்கு கூடுதலாக வேலை செய்யும்.

"என்ன மேஸ்திரிண்ணா, பொண்டாட்டியப் போல வெச்சிருந்த செவப்ப என்ற தலையில கட்டிப்போட்டு நீலத்துக்கு ஓடறீங்க? நீலத்துக்காரி அழகா இருக்காளாக்கும்?"

"வாய மூடிட்டுக் கோலப் புடிடா."

"புடிக்கறேன், புடிக்கறேன். நிறம் தப்புனா சாவுகார் என்னயத்தான புடிப்பாரு."

ஒன்பது நாள் மல்லப்பன் நீலத்திலேயே நின்றார். நகக்கண் நீலமாயிற்று. துண்டு நீலமாயிற்று. பின்சுவரில் இறங்கியது மட்டும் சிவப்பாகவே இறங்கிற்று. அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். சிவப்பு ஓடிய கல் தொட்டியைப் பத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும், பதினோராம் தண்ணீரில் ஒரு சாயல் கசியத்தானே செய்கிறது? முப்பது வருஷம் ஊறிய உடம்பு ஒன்பது நாளில் வெளுத்துவிடுமா?

சமாதானம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் தட்டுக்கு முன்னாலிருந்து இரண்டு தடவை எழுந்திருப்பார். பீடியைப் பற்றவைப்பார், பாதியில் அணைப்பார், மறுபடி பற்றவைப்பார்.

வீடு லஷ்கர் மொகல்லாவில், குழாயடிச் சந்தில். மனைவி தேவம்மா எதையும் சத்தம் போட்டுக் கேட்கிறவள் இல்லை. அவள் கண்டுபிடித்தது துவைக்கும்போது. சாயக்காரன் வீட்டுத் துணியில் கறை இல்லாத இடம் ஏது? இருந்தும், வேட்டியில் முன்பக்கம் இருந்த ஒரு கறை அவளை நிறுத்திவிட்டது. சாயக் கறை பச்சைத் தண்ணீருக்கு அசையாது. சோப்புக்கும் அசையாது. இது வெறும் பச்சைத் தண்ணீரிலேயே முக்கால்வாசி கரைந்து போயிற்று. மிச்சம் நின்றது கொடியில் காய்ந்ததும் துருப்பிடித்த மாதிரிப் பழுப்பாகிவிட்டது. இருபத்தைந்து வருஷமாக அவர் துணியைத் துவைக்கிறாள். அவர் கொண்டுவந்த எந்தச் சிவப்பும் வெயிலில் பழுப்பானதில்லை.

வேட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள்.

"ஏனுங்க, இது என்ன செவப்புங்க?"

மல்லப்பன் பார்க்கவேயில்லை. "சாயம்தான். வேறென்ன?"

"சாயம் இப்படிக் கருகுமுங்களா?"

"முப்பது வருசமா சாயத்துல நிக்கறவன் நானா நீயா?"

"நிக்கறது நீங்க. தொவைக்கறது நானுங்க."

மல்லப்பன் எழுந்து வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார். "சூட்டுல வருதாட்ட இருக்குது" என்றார் கடைசியில். சாயம் என்பதிலிருந்து அவர் இறங்கி வந்த முதல் படி அது.

சூடு என்று சொன்னதும் தேவம்மாவுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. சூட்டுக்கு மருந்துதான் அவளுக்குத் தெரியுமே. பார்லிக் கஞ்சி வைத்தாள். வெந்தயத்தை ஊறவைத்து விடியற்காலையில் கொடுத்தாள். தினம் ஒரு இளநீர். நாலாம் நாள் சிவப்பு நின்றுவிட்டது. தண்ணீராகத் தெளிந்துவிட்டது. அவள் சாமுண்டி மலைப் பக்கமாகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மல்லப்பன் நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்பினார். ஆவணி மாதம் முழுக்க ஒன்றுமில்லை.

புரட்டாசி பிறந்ததும் தசராவுக்கான நூல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ஊர்வலத்தில் போகிறவர்களின் உடுப்பிலும் குடைகளிலும் தைக்கும் குஞ்சங்களுக்கு ஒரே சீரான குங்குமச் சிவப்பு வேண்டும். ஒரு நூல் சிட்டம்கூட மற்றதைவிட மங்கியோ தூக்கியோ இருக்கக்கூடாது. அந்த வேலை வருஷாவருஷம் மல்லப்பனின் கண்ணுக்காகவே கெம்பையன் சாவுகாரிடம் வரும். முதல் கொப்பரை ஏற்றிய அன்றே பின்சுவரில் மறுபடியும் சிவப்பு.

இந்தத் தடவை தேவம்மா கஞ்சி வைக்கவில்லை. குழாயடிக்குப் போனாள்.

குழாயடியில் மோலி குடம் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருக்கும் பர்னபாஸின் மகள், இரண்டு வீடு தள்ளி. தேவம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கேட்டதும் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். மல்லப்பன் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு நிமிஷம். வலி இருக்கா?"

மல்லப்பனுக்கு முகம் சுருங்கியது. பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மிணி. ஒரு துளி வலி கெடையாது. வலி இருந்தாத்தான நோவு?"

"வலியோட வந்தா கல்லோ புண்ணோன்னு நினைப்போம். வலியே இல்லாம ரத்தம் வருதுன்னாதான் எங்க சர்ஜன் உடனே பார்க்கணும்பார். அடிக்கடி போகத் தோணுதா?"

"தண்ணி குடிச்சாப் போகத்தான வேணும்."

"இடையில நின்னு போச்சா?"

"ஒரு மாசம் சுத்தமா இல்லீங்க" என்று தேவம்மா முந்திக்கொண்டாள். "கஞ்சியில கேட்டுது."

"கஞ்சியில கேக்கலை அக்கா. அது பாட்டுக்கு நின்னுது, அது பாட்டுக்கு வந்திருக்கு." மோலி அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இது ரத்தம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"ரத்தம்னு நீ பாத்தியா அம்மிணி?" மல்லப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "செவப்புல எது என்னன்னு எனக்குச் சொல்லித் தாறியா? ஊரே என்ற கண்ண நம்பித்தான் நூலக் கொண்டாந்து குடுக்குது. இது சாயம்."

மோலி பயப்படவில்லை. "சரி, சாயம்னா உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே. சாயம்தான்னு காட்டுங்க, நான் போயிடறேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுக்கப் போய்விட்டாள்.

வழி நெடுக அந்தச் சொல் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. சாயம்தான்னு காட்டுங்க. முப்பது வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மார்க்கெட் பக்கம் ஜட்கா வண்டிக்காரன் ஒருவன் சக்கரத்தில் விழ இருந்தவரைக் கன்னடத்தில் திட்டிவிட்டுப் போனான். அதுகூட அவர் காதில் விழவில்லை.

ஒரு தண்ணீரில் சாயம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது அவருக்குப் பெரிய வித்தை இல்லை. அலசிய தண்ணீரை வீணாக்கலாமா கூடாதா என்று தினமும் பார்க்கிறதுதான். பசை நீக்கிய வெள்ளைப் பட்டு நூலில் ஒரு துண்டை அதில் போட வேண்டும். இரண்டு சொட்டுக் காடி. இளஞ்சூடு. சாயம் என்று ஒரு பொட்டு இருந்தாலும் பட்டு அதை விடாது. தண்ணீரிலிருந்து உறிஞ்சித் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். பிறகு எத்தனை தண்ணீரில் அலசினாலும் அது இறங்காது.

நிற மாதிரி பார்க்கிற கண்ணாடிப் புட்டி இரண்டை மல்லப்பன் எடுத்தார். ஒன்றை மடியில் செருகிக்கொண்டு பின்பக்கம் போய் வந்தார். இன்னொன்றில் நல்ல தண்ணீர் பிடித்து, டப்பாவிலிருந்து குண்டூசி முனையளவு பொடியைத் தட்டி, முதல் புட்டியின் சிவப்புக்குச் சரியாகப் பொருந்தும்வரை கலக்கினார். பொருந்திவிட்டது. வடக்கு ஜன்னலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அவர் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை. 'பாத்தியா அம்மிணி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு இரண்டிலும் நூலைப் போட்டார். காடி விட்டார். வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு புட்டியையும் இறக்கிவைத்தார்.

"என்ன மேஸ்திரிண்ணா, புது நிறமா?" ஜடையன் எட்டிப் பார்த்தான். "சாவுகாருக்குத் தெரியாமத் தனியா யாவாரம் ஆரம்பிச்சுட்டீங்களா?"

மல்லப்பன் ஒரு தட்டை எடுத்துப் பாத்திரத்தை மூடினார். அவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஜடையன் தானாக வாயை மூடிக்கொண்டது கூடத்தில் எல்லாருக்கும் அதிசயமாக இருந்தது.

அவரால் அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. கொப்பரைக்குப் போனார். அடுப்பு விறகைத் தள்ளினார். தள்ள வேண்டிய அவசியம் இல்லாததால் மறுபடி வெளியே இழுத்தார். கால்மணி நேரம் கழித்து வந்து முதலில் பொடி போட்ட புட்டியிலிருந்து நூலை எடுத்தார். பட்டு ரோஜாவாகச் சிவந்திருந்தது. தண்ணீரில் வைத்து அலசினார். கசக்கினார். அது அசையவில்லை. மற்றதை எடுத்தார். அதுவும் சிவந்துதான் வந்தது. அவருக்கு மூச்சு வந்தது. அதையும் பச்சைத் தண்ணீரில் விட்டார்.

விரலுக்கு நடுவிலேயே அது வெளுத்துவிட்டது. ஒரு தரம், இரண்டு தரம் அலசியதும் காலையில் சிட்டத்திலிருந்து வெட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளை நூல். ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு பழுப்பு. தேவம்மா விரித்துக் காட்டிய அதே பழுப்பு.

புட்டியைத் தூக்கிப் பார்த்தார். சாயப் புட்டி மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. அவருடைய புட்டியில் மேல் பக்கம் தெளிந்துகொண்டு வந்தது, சிவப்பு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. நல்ல சாயம் வண்டல் கட்டாது என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்!

இரண்டு நூலையும் ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாவுகாரிடம் போனார்.

கெம்பையன் சாவுகார் கெட்டவர் இல்லை. "உடம்பு சரியில்லைன்னா போய்க் காட்டு மல்லப்பா, யார் வேணாம்னது? ஆனா இன்னும் பதினோரு நாள்தானே? விஜயதசமி கழியட்டும். நானே ஜட்கா வெச்சு அனுப்பறேன். இந்தச் செவப்பை நடுவுல விட்டுட்டுப் போனா வேற எவன் கையில குடுக்க?"

மல்லப்பன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். சாவுகார் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனியிலிருந்து இருக்கிறது, பதினோரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது? மத்தியானம் பின்சுவருக்குப் போனார். சிவப்பு இல்லை. துப்புரவாக நின்றிருந்தது. பச்சைத் தண்ணீர் மாதிரி.

போன தடவை அதைப் பார்த்துத்தான் அவர் நிம்மதியாகச் சிவப்புக்குத் திரும்பினார். இந்தத் தடவை அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் பயம் வந்தது. அது பாட்டுக்கு நின்னுது, அது பாட்டுக்கு வந்திருக்கு. உள்ளே ஏதோ ஒன்று, அவரைக் கேட்காமல், அதன் இஷ்டத்துக்குக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. சட்டைப்பையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. மடித்தார். மறுபடி பிரித்தார்.

கொப்பரை கொதிக்கிற சத்தம் கேட்டது. ஜடையனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, குங்குமத்துக்கு என்ன பதம்?"

"நீங்க பாத்துச் சொல்றதுதான் பதம்."

"இனிமே நீ பாரு. இந்தா, மாதிரிக்கு நூல். ஜன்னலுக்குப் பக்கத்துல போய்ப் பாக்கோணும், அடுப்பு வெளிச்சத்துல பாக்காத. ஒரு புரட்டு முந்தியே எறக்கு, அந்தச் சூட்டுலயே இன்னும் ஏறும்."

"நீங்க எங்க போறீங்க?"

"ஆசுபத்திரிக்கு."

"எதுக்கு?"

மல்லப்பன் கோலை அவன் கையில் திணித்தார். முப்பது வருஷத்தில் தசராச் சிவப்பை அவர் வேறு யார் கண்ணுக்கும் விட்டதில்லை. சாவுகார் வாசலில் எழுந்து நின்று கூப்பிட்டது கேட்டது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மோலி அவரைக் கேள்வி கேட்கவில்லை, 'நான் அப்பவே சொன்னேனே' என்றும் சொல்லவில்லை. நேரே சர்ஜனிடம் அழைத்துக்கொண்டு போனாள். சர்ஜன் அதிகம் பேசாத மனிதர். மல்லப்பன் வெட்கத்தில் வாய் வராமல் காகிதத்தை மேஜைமேல் பிரித்து வைத்தார். எது எதில் போட்ட நூல் என்று சொன்னார்.

சர்ஜன் இரண்டு நூலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீங்களேவா கண்டுபிடித்தீர்கள்?"

"சாயம்னு காட்டத்தான் போட்டனுங்க. காட்ட முடியலீங்க."

"என்றைக்கு முதலில் பார்த்தீர்கள்?"

"ஆனியிலீங்க."

"இப்போது புரட்டாசி." அவர் கையிலிருந்த பேனாவை வைத்தார். "நடுவில் நின்றிருக்குமே?"

"ரெண்டு தரம் நின்னுதுங்க. இன்னிக்கும் இல்லீங்க."

"நிற்கிறதுதான் இதில் மோசம். நின்றுவிட்டது என்று ஆறு மாசம், ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு வருகிறார்கள். ஒரே ஒரு தடவை வந்தாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வர வேண்டும். பீடி உண்டா?"

"உண்டுங்க."

"அதை இன்றோடு விடுங்கள்."

சீமையிலிருந்து வந்த மெல்லிய குழாய் ஒன்று. அதன் முனையில் மிளகளவு விளக்கு. அதை உள்ளே செலுத்தி மூத்திரப்பையைப் பார்க்கலாம். அந்த அவஸ்தையைப் பற்றி மல்லப்பன் பிறகு யாரிடமும் பேசியதில்லை. கூரையில் ஒரு பல்லி இருந்ததையும், அது அசையாமல் இருந்ததையும் மட்டும் தேவம்மாவிடம் சொன்னார். சர்ஜன் வெகு நேரம் பார்த்தார். "இருக்கிறது" என்றார். நெல்லிக்காய் அளவில், கடல் பாசி மாதிரி ஆடிக்கொண்டு. அதன் தலையிலிருந்துதான் ரத்தம். புற்று வகையைச் சேர்ந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். வேர் சுவருக்குள் ஆழமாக இறங்கியதாகத் தெரியவில்லை, அதனால் மின்சாரக் கம்பியால் சுட்டுவிடலாம் என்றார். இன்னும் நாலு மாசம் கழித்து வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். ஐரோப்பாவில் சாயப் பட்டறைக்காரர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிட அதிகம் வருவதாக டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று கடைசியில் சொன்னபோது, மல்லப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப என்ற கூட்டாளிக?"

சர்ஜன் அந்த இரண்டு நூலையும் காகிதத்தோடு திருப்பிக் கொடுத்தார். "கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார்.

இரண்டு தடவை சுட்டார்கள். தசரா ஊர்வலம் போன அன்று மல்லப்பன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்ததும் தேவம்மாவிடம் முதலில் கேட்டது, "செவப்பு எப்படி இருந்துது?"

"நல்லா இருந்துதுன்னாங்க எல்லாரும்."

"ஜடையன் ஒரு புரட்டு அதிகம் விட்டிருப்பான்."

"விட்டிருந்தா என்னுங்க? ஆனைக்கா தெரியப்போவுது?"

அவர் வெகுநாள் கழித்துச் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் எழுந்து உள்ளே போனார், நிறம் பார்க்கிற புட்டியோடு.

அந்த அமைதியின்மை அவரை விட்டுப் போகவில்லை. இந்த நோய் திரும்பவும் முளைக்கக்கூடியது, மூன்று மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். மார்கழியில் போனார், ஒன்றுமில்லை. பங்குனியில் போனார், கடுகளவு ஒன்று இருந்ததைச் சுட்டார்கள். போவதற்கு முந்தின வாரமெல்லாம் வீட்டில் ஓரிடத்தில் நிற்கமாட்டார். தேவம்மா ஒன்றும் சொல்லாமல் அவர் கால் போகிற வழியிலிருந்து பாத்திரங்களை நகர்த்தி வைப்பாள்.

கூடத்துக்குத் திரும்பிய அன்றே இரண்டு நூலையும் காட்டி நடந்ததைச் சொல்லிவிட்டு, இனி டப்பாவை மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் திறக்க வேண்டும் என்றார். காடியை நாக்கில் வைத்துப் பார்ப்பதை நிறுத்தினார். கொஞ்சம் பேர் கேட்டார்கள், கொஞ்சம் பேர் கேட்கவில்லை. ஜடையன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, "மேஸ்திரிண்ணா நம்மளையெல்லாம் கொள்ளக்காரனாக்கிப்போட்டாரு" என்றான். கூடம் சிரித்தது. மல்லப்பனும் சிரித்தார். வெல்லம் வைத்திருந்த மாடத்தை மட்டும் காலி பண்ணிவிட்டார். அது ஏன் என்று கேட்டவர்களிடம், "இனிமே யாருக்காச்சும் செவப்பா எறங்குனா என்கிட்ட வாங்க. சிரிக்கறதுக்கில்ல" என்றார். யாரும் வரவில்லை.

அடுத்த வருஷம் வைகாசியில், காலை வேலை சூடுபிடித்திருந்த நேரம். மல்லப்பன் வடக்கு ஜன்னலில் ஒரு அரக்குச் சிட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜடையன் வந்து பக்கத்தில் நின்றான். வெகு நேரமாக நின்றான். ஒரு கேலியும் வரவில்லை என்பதால்தான் மல்லப்பன் திரும்பினார்.

"மேஸ்திரிண்ணா" என்றான் ஜடையன். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. "வெள்ளைப் பட்டு நூல் ஒரு துண்டு கெடைக்குமுங்களா? செத்த நேரத்துக்குத்தான்."

மல்லப்பன் அரக்குச் சிட்டத்தைக் கீழே வைத்தார். "எத்தன நாளா?"

"முந்தாநேத்து ஒரு தரம். வலி ஒண்ணும் இல்லீங்க. சாயமாத்தான் இருக்கும்." பின்னாலிருந்த கை முன்னால் வந்தது, அதில் ஒரு கண்ணாடிப் புட்டி. "இன்னிக்குச் சுத்தமா நின்னுபோச்சு. சும்மா பாக்கலாமேன்னுதான்."

"நின்னுபோச்சா?"

"ஆமாங்க. தெளிஞ்சுபோச்சு. நூலு போட்டுப் பாத்துட்டா—"

"நூலெல்லாம் வேண்டாம்." மல்லப்பன் மூக்குத் துணியை அவிழ்த்தார். ஆணியில் தொங்கிய தன் சட்டையை எடுத்தார், பக்கத்தில் இருந்த ஜடையன் சட்டையையும் எடுத்து அவன் தோளில் போட்டார். கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. நூல் இறங்கவேண்டிய நேரம்.

"அண்ணா, அரக்கு கெட்டுப்போயிருமுங்க."

"கெடட்டும். நட."

அவன் நடந்தான். மல்லப்பன் அவனுக்கு முன்னால், திரும்பிப் பார்க்காமல், அடிக்கு அடி வேகம் கூட்டிக்கொண்டு போனார்.